எடைக் குறைப்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகு: வரும் சிக்கல்களும் மறுக்கப்படும் கிளெய்ம்களும்

உடல் எடையைக் குறைக்க அறுவைசிகிச்சை செய்துகொண்டவருக்குப் பிற்பாடு ஏதாவது தொந்தரவு வந்தால், வீட்டார், பக்கத்துத் தெரு கிளினிக், இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆபரேஷன் பண்ணினதால வர்றதுதான்." வீட்டில் அதை ஆறுதலாகச் சொல்கிறார்கள். கிளினிக்கில் அவசரமில்லை என்ற பொருளில் சொல்கிறார்கள். கம்பெனியின் கடிதத்தில் பணம் தர முடியாது என்ற பொருளில் எழுதுகிறார்கள். வந்திருக்கும் நோய்க்குத் தனியாக ஒரு பெயர் உண்டு, அதற்கென்று சிகிச்சை உண்டு, நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அதற்கென்று ஓர் எண்ணும் உண்டு என்பதை அந்தப் பதில் மறைத்துவிடுகிறது. பெயர் தெரியாதவரை சிகிச்சை தள்ளிப்போகும். பெயர் காகிதத்தில் ஏறாதவரை கிளெய்மும் தேறாது. ஆகவே உயிரைக் காக்க ஒரு வழி, பணத்தைப் பெற வேறொரு வழி என்று தேட வேண்டியதில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இன்ன நோய் என்று உடனே கேட்டுத் தெரிந்துகொண்டு அதை எழுத்தில் பதியவைப்பதுதான் இரண்டுக்கும் முதல் வேலை.

இங்கே அதிகம் செய்யப்படுபவை ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு முறைகள். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியை நீண்ட குழாயாக ஸ்டேப்ளர் கொண்டு மூடுகிறார்கள். அந்த மூடிய கோட்டில் கசிவு ஏற்படுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நேர்கிறது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்கு அருகில்தான் அது பெரும்பாலும் வரும். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதால், கசிவு பல சமயம் வீட்டில்தான் தலைகாட்டுகிறது. பருமனான உடலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது டாக்டருக்கே கடினம். முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நாடிதான். ஓய்வாகப் படுத்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், அறுவைசிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். இடது தோள்வலி, மூச்சு வாங்குதல், காய்ச்சல் ஆகியவை கூடவே வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. லேப்ராஸ்கோப்பி செய்தால் தோள்வலி சகஜம்தானே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் தோள் வலிக்கும். ஆனால் அந்த வலி சில நாளில் அடங்கிவிடும், அது நாடியை இப்படி ஓடவிடாது. சகஜமானதையும் ஆபத்தானதையும் பிரித்துப் பார்க்க வீட்டில் இருக்கும் சின்ன பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உதவும்.

இதைவிடவும் அதிகமாகக் கவனம் தப்பிப்போவது வாந்தி. "சின்ன வயிறாச்சே, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்று வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ உடலால் அதிகம் சேமித்து வைக்க முடியாது. சாப்பாடு தங்காவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் இருப்பு தீர்ந்துவிடும். அதன் பிறகு கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சும் நினைவும் குழம்புவது என்று மூளை பாதிக்கப்படும். இந்த மூன்றும் ஒன்றாகத்தான் வர வேண்டும் என்றில்லை. ஒன்று வந்தாலே போதும். நம் ஊரில் இங்கேதான் பெரிய ஆபத்து. சோர்ந்து கிடப்பவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் முதலில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின் வேண்டும். எஞ்சியிருந்த கொஞ்சமும் அதில் செலவாகி, மெதுவாக வந்துகொண்டிருந்த பாதிப்பு சில மணி நேரத்தில் முற்றிவிடலாம். தயமின் ஊசிக்குப் பிறகுதான், அல்லது அதோடு சேர்த்துத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். "இவருக்கு ஸ்லீவ் பண்ணியிருக்கு, இத்தனை நாளா வாந்தி, முதல்ல தயமின் ஊசி போடுங்க டாக்டர்" என்று கூடப்போகிறவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டருக்கே பாடம் எடுப்பதா என்று தயங்க வேண்டாம். பருமனான ஒருவரைப் பார்த்தவுடன் ஊட்டச்சத்துக் குறைபாடு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நினைவூட்டுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

ஆண்டுகள் கழித்து வருபவை வேறு வகை. இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் செய்தவருக்கு, எடை குறைந்து உள்ளே கொழுப்பு கரைந்த பிறகு, குடலை மாற்றி இணைத்த இடத்து இடைவெளி வழியாகக் குடல் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். சாப்பிட்ட பின் விட்டுவிட்டு வரும் பிடித்திழுக்கும் வலியாக அது தொடங்கும். ஸ்கேனில் தெரியாமலும் போகலாம், சில சமயம் லேப்ராஸ்கோப்பி செய்தே உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரலாம். புகைபிடிப்பதும், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் அதற்கு முக்கியக் காரணங்கள். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரும். ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சல் கூடும். பெயர்கள் பலவாக இருப்பதால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும்: எந்த முறையில் அறுவைசிகிச்சை நடந்தது, எந்தத் தேதியில், யார் செய்தார்கள், அப்போது எடையும் உயரமும் என்ன என்று எழுதியது. பர்ஸில் ஒரு நகலும் போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

இனி பணம். இந்தியாவில் மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் விலக்குகளின் வாசகம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரில் விதி வகுத்தது. 2020 அக்டோபர் முதல் பழைய பாலிசிகளுக்கும் அது வந்துவிட்டது. அதில் ஆறாவது விலக்குதான் உடல் பருமன் பற்றியது. பருமனுக்கான அறுவைசிகிச்சையை அது முழுதாக விலக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டாக்டரின் ஆலோசனை, மருத்துவ நெறிமுறைப்படியான தேவை, 18 வயது நிறைவு, இவற்றோடு உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் விலக்கு பொருந்தாது. பி.எம்.ஐ. 35-லிருந்து 40-க்குள் என்றால், பருமனால் வந்த இதயத் தசைநோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்து, எளிய வழிகளும் பலிக்காமல் போயிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் உங்கள் அறுவைசிகிச்சை நிறைவேற்றியிருந்தால் ஆறாவது விலக்குக்கே இடமில்லை. அதன் பின்விளைவுக்கும் அந்த விலக்கைக் காட்ட முடியாது. ஆனால் இதை நிரூபிக்கும் சான்று அறுவைசிகிச்சைக்கு முந்தைய காகிதங்களில்தான் இருக்கிறது. எடை குறைந்த பிறகு பழைய பி.எம்.ஐ.யை அளக்க முடியாது, சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி இயல்புக்கு வந்துவிட்ட பிறகு சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தது என்று காட்ட வேறு வழியில்லை. பழைய ரத்தப் பரிசோதனைகள், தூக்க ஆய்வு அறிக்கை, டயட்டீஷியன் எழுதிய சீட்டுகள், மருத்துவமனை முத்திரையோடு எடைப் பதிவு என எதையும் தூக்கிப் போடாதீர்கள். "இனிமே எதுக்கு இந்தக் குப்பை" என்று தோன்றும் ஃபைல்தான் பின்னால் லட்சக்கணக்கில் பணம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும்.

கிளெய்ம் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியை நாம் நிரப்புகிறோம். இரண்டாவதை, அதாவது பகுதி பி-யை, மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க் நிரப்புகிறது. அந்த இரண்டாம் பகுதியில் முதன்மை நோய், கூடுதல் நோய், இணைநோய்கள் என்று வரிகள் இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டுக் குறியீட்டை எழுத வேண்டும். முதன்மை நோய் என்ற வரியில் 'இ66' என்று எழுதினால் அதன் பொருள் உடல் பருமன். கிளெய்மைப் பரிசீலிப்பவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் ஆறாவது விலக்கு அவர் கைக்கு வந்துவிடும். அதே நோயாளிக்கு வந்திருப்பது இரைப்பையும் குடலும் சேரும் இடத்துப் புண் என்றால் குறியீடு 'கே28'. பித்தப்பைக் கல் என்றால் 'கே80'. தயமின் குறைவால் வந்த மூளை பாதிப்பு என்றால் 'இ51.2'. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இதே நிலைதான். முதல் வரியில் 'ஸ்லீவ் அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய நிலை' என்று மட்டும் இருந்தால் அது நோயே அல்ல. எதற்காகச் சேர்த்தார்கள் என்பதற்கு அதில் பதில் கிடையாது. முதலில் நோய், அடுத்து அது உயிருக்கு எவ்வளவு ஆபத்தாக இருந்தது, ஏன் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தது, பிறகு முந்தைய வரலாறாக அறுவைசிகிச்சையின் பெயரும் தேதியும் என்ற வரிசையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் இதைப் பார்க்க முடியாது. முந்தின நாளே வரைவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இது கம்பெனியை ஏமாற்றும் வேலையல்லவா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நான் சொல்வது மறைக்கச் சொல்வது அல்ல. அறுவைசிகிச்சை நடந்ததை எழுதாமல் விட்டால் அது பொய். ஐந்து ஆண்டுகள், அதாவது 60 மாதங்கள், தொடர்ந்து பாலிசி வைத்திருந்தால் தகவலைச் சொல்லாமல் விட்டதைக் காட்டிக் கிளெய்மை மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்புகூட, மோசடி நிரூபிக்கப்பட்டால் செல்லாது. புண் வந்தவருக்குப் புண் என்று எழுதச் சொல்வது உண்மையை எழுதச் சொல்வது. அந்தப் பெயர் எப்போதும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பித்தப்பைக் கல், குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் முதல் இரண்டு ஆண்டுகள் காத்திருப்புக் காலம் உண்டு. பெயரைச் சரியாக எழுதியதாலேயே அந்தக் காலத்துக்குள் வரும் கிளெய்ம் விழுந்துவிடலாம். உண்மையான பெயர் எது தருகிறதோ அதைப் பெறுங்கள், அது மறுப்பதை விட்டுவிடுங்கள். இந்த நேர்மை இருந்தால்தான் பின்னால் வழக்கென்று வந்தாலும் உங்கள் காகிதம் நிற்கும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பி.எம்.ஐ. 33-இல் சொந்தப் பணத்தில் செய்துகொண்ட அறுவைசிகிச்சை, பாலிசியில் வராத ஒன்று. அதன் பின்விளைவுக்கு மட்டும் கம்பெனி ஏன் பணம் தர வேண்டும்? விலக்கின் வாசகமும் பருமனுக்கான அறுவைசிகிச்சை 'தொடர்பான செலவுகள்' என்றுதான் சொல்கிறது. இதற்கு ஒரே பதில் கிடையாது. அறுவைசிகிச்சை முடிந்து அதே படுக்கையில் இருக்கும்போதே கசிவு வந்து மறுபடி திறக்க நேர்ந்தால், அது தொடர்புடைய செலவு என்று கம்பெனி சொல்வதை மறுப்பது கடினம். மூன்று ஆண்டு கழித்துக் குடல் சிக்கிக்கொண்டு நள்ளிரவில் அவசரமாகச் சேர்க்கப்பட்டவருக்கு நடப்பது பருமனுக்கான சிகிச்சையே அல்ல. அது குடலடைப்புக்கான சிகிச்சை. பித்தப்பைக் கல் பட்டினி கிடந்து இளைத்தவருக்கும் வரும், ஆகவே அங்கே தொடர்பு இன்னும் மெல்லியது. இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே உங்கள் நிலை எங்கே இருக்கிறது என்று சிகிச்சை தந்த டாக்டரிடம் கேட்டு ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். காரணம் எது, சிகிச்சை எதற்கு என்ற இரண்டையும் அவர் பிரித்து எழுத வேண்டும். விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் இஷர் தாஸ் மதன் லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. பாலிசி வாசகத்தில் ஐயம் எழுந்தால் அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது 1966-இல் சந்துமல் ஜெயின் வழக்கிலேயே வந்த தீர்ப்பு. 'தொடர்பான' என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது ஐயத்துக்கு உரியதுதான்.

பி.எம்.ஐ. எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40, 35 என்ற எண்கள் 1991-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாட்டிலிருந்து வந்தவை. 2022-இல் இந்தத் துறையின் இரண்டு பெரிய அறுவைசிகிச்சைச் சங்கங்கள் அவற்றைத் திருத்தி, ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்றன; நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். மருத்துவம் முன்னே போய்விட்டது, பாலிசி பின்னே நிற்கிறது. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் கிளெய்முக்குச் செல்லுபடியாவது பாலிசியின் எண்தான். புதிய வழிகாட்டுதலைக் காட்டி ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அறுவைசிகிச்சைக்குத் தேதி குறிக்காதீர்கள்.

மற்ற மறுப்புகள் பெரும்பாலும் குறுகியவை. தொங்கும் தோலை அகற்றுவது அழகு சிகிச்சை என்று எட்டாவது விலக்கைக் காட்டுவார்கள். உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்றளித்தால் அந்த விலக்கிலேயே வழி இருக்கிறது. மடிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் தொற்றைத் தோல் மருத்துவர் தேதி வாரியாகப் பதிந்திருந்தால்தான் அந்தச் சான்றுக்கு எடை வரும். வாழ்நாள் முழுதும் போடும் வைட்டமின் மாத்திரைகள் கிடைக்காது. மருத்துவமனையில் சேர்ந்த கிளெய்மின் பகுதியாக டாக்டர் எழுதித் தந்தவை மட்டும் கிடைக்கும். ஏற்கெனவே இருந்த நோய் என்று மறுத்தால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் அந்த நோய் கண்டறியப்பட்டதா, அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ தரப்பட்டதா என்று கேளுங்கள். பருமன் அப்போது இருந்தது என்பதால், பின்னால் வந்த புண்ணும் அப்போதே இருந்தது என்று ஆகிவிடாது.

மறுப்பு வந்ததும் முதலில் அது எந்த மறுப்பு என்று பாருங்கள். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை என்றால் கிளெய்ம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பணம் கட்டி வெளியே வந்து, அசல் பில்களோடு திரும்பக் கேட்கலாம். 2024 மே மாதத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் பதில் வர வேண்டும். கிளெய்மை மறுக்கும் முடிவு கம்பெனிக்குள் உள்ள மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது, பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்றும் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் டி.பி.ஏ. அலுவலகத்தில் யாரோ போனில் "சார், உங்க கேஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று சொல்வதை மறுப்பாக ஏற்காதீர்கள். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ விதி எண்ணோடு கேளுங்கள். அந்தக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பின்னால் வழக்கில் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்தக் கடிதம் கம்பெனியைக் கட்டிப்போடும் காகிதம். உங்கள் பதிலில் ஆத்திரம் வேண்டாம். அவர்கள் காட்டிய விதி, அது ஏன் பொருந்தாது, அதற்கான பக்கம் எது என்பது மட்டும் இருக்கட்டும்.

உடம்பு முடியாமல் கிடப்பவர் இத்தனையும் செய்வாரா என்ற கேள்வி நியாயமானது. செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அறுவைசிகிச்சைக்கு முன்பே வீட்டில் ஒருவரிடம் பாலிசி, கடவுச்சொற்கள், ஃபைல் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், கம்பெனிக்கு வெளியே புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. மனுவை இணையத்திலும் போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது, ஆகவே எதிர்த்தரப்பில் பெரிய வக்கீல் வந்து நிற்பாரோ என்று பயப்பட வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அங்கே தீர்ப்பு சொல்லலாம்; அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அது பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் நுகர்வோர் வழக்கை முதலில் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மன் அதே விஷயத்தை எடுக்க மாட்டார். அதனால் வரிசை முக்கியம்.

நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய பிரீமியத்தை வைத்தே வழக்கின் மதிப்பைக் கணக்கிடுவதால், ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை என்ற விதிக்குள் ஏறக்குறைய எல்லா மருத்துவ இன்ஷூரன்ஸ் வழக்குகளும் வந்துவிடும். காலக்கெடுவில்தான் பலர் தோற்கிறார்கள். கம்பெனியின் மறுப்பிலிருந்து ஆம்பட்ஸ்மனுக்கு ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. ஆம்பட்ஸ்மனிடம் மனு கிடக்கும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றே வைத்துக்கொண்டு, மறுப்புக் கடிதம் வந்த அன்றே அதன் உறையையும் மின்னஞ்சல் தேதியையும் பத்திரப்படுத்தி, இரண்டு கெடு நாட்களையும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.